அடிலெய்டுக்கு ஜார்ஜ் டவுன் என்ன முறை?

கடந்த பள்ளி விடுமுறையில் என் அண்ணன் மகள் கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு வந்து எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தாள். மலேசிய நகரம் ஒன்றுக்கும் வெளிநாட்டு நகரம் ஒன்றுக்கும் இடையே உள்ள தொடர்பை விளக்கி நான்கு பக்கம் எழுதிவரும்படி அவளுடைய ஆசிரியை சொல்லி அனுப்பியிருந்தார். அவளுடைய தாய்மாமன் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் குடியிருப்பதால் அந்த நகரத்தையும், சித்தப்பா இருக்கும் ஊர் என்பதால் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனையும் அவள் எடுத்துக்கொண்டாள். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று என்னிடம் கேட்டபோது, நான் சில ஆண்டுகளாக ஓய்வு நேரத்தில் சேர்த்துவரும், ஆள்களையும் ஊர்களையும் உறவுக் கோடுகளால் இணைத்து வைக்கும் தரவுத் தொகுப்பான அறிவுக் கோட்டுருவில் தேடிக் காட்டுவதாகச் சொன்னேன். அலுவலகத்தில் நாங்கள் 'நாலெட்ஜ் கிராஃப்' என்றே சொல்லிப் பழகியிருந்தாலும், தமிழில் எழுதும்போது அறிவுக் கோட்டுரு என்னும் சொல்லே எனக்கு நிறைவளிக்கிறது.

இரு பெயர்களையும் கொடுத்துத் தேடியவுடன், இரண்டு முனைகளும் அவற்றை இணைக்கும் ஒரே ஒரு கோடும் திரையில் வந்தன. கோட்டின் மேல் 'சகோதர நகரம், 1973' என்று இருந்தது. தகவல் சரிதான், 1973இல் இரு நகரங்களும் அந்த உடன்படிக்கையைச் செய்துகொண்டன. அதைவிடக் குறுகிய பாதை இருக்கவும் முடியாது. ஆனால் பிள்ளை திரையைப் பார்த்துவிட்டு, "அது சரி சித்தப்பா, உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, ஏன் அடிலெய்டு?" என்று கேட்டாள். என் நிரல் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

அன்று மாலை அவளைக் கார்ன்வாலிஸ் கோட்டைக்கு அழைத்துச் சென்று பிரான்சிஸ் லைட்டின் சிலைக்கு முன்னால் நிறுத்தினேன். 1786இல் இந்தத் தீவில் இறங்கி, கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இங்கே குடியேற்றத்தை நிறுவியவர் அவர். அவருடைய மகன் வில்லியம் லைட், அதே 1786இல் கெடா மாநிலத்தின் கோலக்கெடாவில் பிறந்தவர். இந்த வில்லியம்தான் பிற்காலத்தில் தென் ஆஸ்திரேலியாவின் முதல் தலைமை நில அளவையாளராகப் பொறுப்பேற்று, 1836இல் அடிலெய்டு அமையவேண்டிய இடத்தைத் தேர்ந்து, அதன் தெருக்களுக்குத் திட்டம் வரைந்தவர். தந்தை ஒரு நகரத்தைத் தொடங்கினார். மகன் இன்னொரு நகரத்தைத் தொடங்கினார். தந்தையின் உருவப்படம் எதுவும் கிடைக்காததால் மகனுடைய முகத்தை வைத்தே அந்தச் சிலை வடிக்கப்பட்டதாகச் சொல்வார்கள் என்று நான் கூறியதும், அவள் வெண்கல முகத்தை அண்ணாந்து நெடுநேரம் பார்த்தாள். பின்னர் குறிப்பேட்டை எடுத்து, "அப்படியென்றால் இரண்டு ஊரும் அண்ணன் தம்பி இல்லை, அப்பாவும் பிள்ளையும்" என்று எழுதிக்கொண்டாள்.

உருப்படிகளுக்கு இடையே உள்ள உறவைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, அதை விளக்குவது வேறொரு வேலை என்று நான் பல முறை படித்திருக்கிறேன். ஆனால் ஒரே கோட்டில் முடியும் குறுக்குவழி எதையும் விளக்காமல், மூன்று கோடுகளில் சுற்றிச் செல்லும் வழி எல்லாவற்றையும் விளக்குவதை அன்றுதான் கண்ணெதிரே கண்டேன். அதன்பின் என் கோட்டுருவையும் அதில் தேடும் முறையையும் பெருமளவு திருத்தி எழுதினேன். அந்த அனுபவத்தையே இங்கே பதிகிறேன்.

அறிவுக் கோட்டுருவின் அடிப்படை மிக எளிது. ஆள், ஊர், கோயில், நூல், நிகழ்ச்சி என்று எதுவாயினும் அது ஒரு முனை. இரு முனைகளை இணைக்கும் கோட்டுக்கு ஒரு பெயரும் திசையும் உண்டு. 'பிரான்சிஸ் லைட் – மகன் – வில்லியம் லைட்' என்பதுபோல் எழுவாயும் பயனிலையும் செயப்படுபொருளுமாக மூன்று உறுப்புகள் கொண்ட கூற்றுகளைக் குவித்துக்கொண்டே போனால், அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலையாகின்றன. கூகுள் நிறுவனம் 2012 மே மாதத்தில் இந்தப் பெயரைப் பரவலாக்கியது. அதே ஆண்டு அக்டோபரில், விக்கிப்பீடியாவைப் போலவே எவரும் திருத்தக்கூடிய தரவுத்தளமான விக்கித்தரவு தொடங்கியது. விக்கித்தரவில் ஒவ்வோர் உருப்படிக்கும் ஓர் எண் உண்டு, மலேசியாவுக்கு கியூ833. ஊரும் பெயரும் எந்த மொழியில் எழுதப்பட்டிருந்தாலும் எண் ஒன்றுதான் என்பதால், தமிழில் தேடுபவரும் மலாயில் தேடுபவரும் ஒரே முனைக்கு வந்து சேர்கிறார்கள். நான் வைத்திருப்பது அதன் அருகில்கூட நிற்க முடியாத சிறிய கோட்டுரு. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் தமிழர் தொடர்பான கோயில்கள், பள்ளிவாசல்கள், பள்ளிகள், பத்திரிகைகள், மாநாடுகள், அவற்றோடு சேர்ந்த மனிதர்கள் என்று சில நூறு முனைகள் மட்டுமே அதில் உள்ளன.

இரண்டு முனைகளுக்கு இடையே பாதை தேடுவதில் முதலில் வரும் சிக்கல் பெருக்கம். ஒவ்வொரு முனையிலிருந்தும் சராசரியாக 20 கோடுகள் கிளம்புவதாக வைத்துக்கொண்டால், மூன்றாவது அடியில் 8,000 முனைகளையும் நான்காவது அடியில் 160,000 முனைகளையும் பார்க்க நேரிடும். ஆகவே இரு முனைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் இரண்டிரண்டு அடி நடந்து நடுவில் சந்திக்க வைப்பார்கள். அப்போது பக்கத்துக்கு 400 என்ற அளவில் வேலை சுருங்கிவிடும். இது கணிப்பொறி எளிதில் செய்து முடிக்கும் பகுதி. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

உண்மையான தொல்லை, பாதை கிடைத்த பிறகே தொடங்குகிறது. கோலாலம்பூரில் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலை 1873இல் நிறுவிய தம்புசாமிப் பிள்ளைக்கும், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டுவதற்கு முன்னின்ற தனிநாயகம் அடிகளுக்கும் என்ன உறவு என்று என் நிரலிடம் ஒருமுறை கேட்டேன். இருவரும் மனிதர், இருவரும் ஆண், இருவரும் தமிழர், இருவரும் கோலாலம்பூரோடு தொடர்புடையவர்கள் என்று அது வரிசையாகச் சொன்னது. ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் கல்யாண வீட்டில் ஒருவரைக் காட்டி இவர் நமக்கு எப்படிச் சொந்தம் என்று கேட்டால், அவரும் சோறுதான் சாப்பிடுகிறார் என்று பதில் சொல்வதற்கு ஒப்பானது அது. விக்கித்தரவில் 'மனிதர்' என்னும் முனையோடு ஒரு கோடிக்கும் மேற்பட்ட உருப்படிகள் இணைந்திருக்கின்றன. அந்த முனை வழியாக யாரையும் யாரோடும் இரண்டே கோடுகளில் சேர்த்துவிடலாம். எல்லாரையும் இணைக்கும் முனை எந்த இருவரைப் பற்றியும் புதிதாக எதுவும் சொல்வதில்லை.

இதற்கு மருந்தாகப் பலரும் கையாளும் வழி, அரிய இணைப்புக்கு அதிக மதிப்பெண் கொடுப்பது. லாடா ஆடமிக், எய்டன் ஆடார் ஆகிய இரு ஆய்வாளர்கள், ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி ஆகிய பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் தங்களுக்கென வைத்திருந்த இணையப் பக்கங்களை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட கட்டுரையில் வரும் கணக்கு எனக்கு மிகவும் உதவியது. இருவருக்கும் பொதுவாக உள்ள முனையிலிருந்து எத்தனை கோடுகள் செல்கின்றன என்று எண்ணி, அந்த எண்ணின் மடக்கையால் (லாகரிதத்தால்) ஒன்றை வகுக்க வேண்டும். பத்தடிமான மடக்கையை எடுத்துக்கொண்டால், பத்துக் கோடுகள் உள்ள பொது முனைக்கு மதிப்பு 1. 100,000 கோடுகள் உள்ள பொது முனைக்கு 0.2. ஒரு சிறிய ஊரின் பழைய பள்ளியில் இருவர் ஒன்றாகப் படித்தார்கள் என்பது, இருவரும் ஒரே நாட்டவர் என்பதைவிட ஏன் முக்கியமான செய்தி என்று நமக்கு இயல்பாகவே தெரிகிறதல்லவா? அந்தத் தெளிவைத்தான் இந்தக் கணக்கு எண்ணாக்கிக் காட்டுகிறது.

ஆனால் அருமை மட்டும் போதாது என்பதையும் விரைவிலேயே உணர்ந்தேன். கோலாலம்பூரில் ஜாலான் தம்புசாமி என்று ஒரு சாலை உண்டு. என் கோட்டுருவில் அந்தச் சாலை முனைக்கு மூன்றே கோடுகள். ஆகவே கணக்குப்படி அதற்குப் பெருமதிப்பு. தம்புசாமிப் பிள்ளைக்கும் கோலாலம்பூருக்கும் என்ன உறவு என்று கேட்டபோது, நகரில் ஒரு சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது என்பதே முதல் விடையாக வந்து நின்றது. அவர் கோயில் நிறுவியதும், 1893இல் தொடங்கிய விக்டோரியா கல்விக்கூடத்தின் முதல் அறங்காவலர்களுள் ஒருவராக இருந்ததும் அதற்குக் கீழே போய்விட்டன. சாலைக்குப் பெயர் வந்தது அவர் செய்த செயல்களால். விளைவை முன்னே சொல்லிக் காரணத்தைப் பின்னே சொல்வது விளக்கமாகாது. அதன்பின் கோடுகளின் வகைக்கும் நானே கைப்பட மதிப்பிட்டேன். 'நிறுவினார்', 'கற்பித்தார்', 'எழுதினார்' போன்ற வினைக் கோடுகள் மேலே வரும். 'பெயர் சூட்டப்பட்டது', 'நினைவாக' போன்றவை பின்னே வரும். இதைச் செய்ய ஒரு சூத்திரமும் இல்லை. பொருளை அறிந்தவர் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டியதுதான். அப்படித் தீர்மானிப்பதை ஒரு குறையாக நான் கருதவில்லை.

கோட்டுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் நான் அதிக நேரம் செலவிட்டிருக்கிறேன். தமிழ் படித்தவருக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. ஆறாம் வேற்றுமையை நினைத்துப் பாருங்கள். சாத்தனது கை, நெல்லது பொரி, முருகனது வேல், முருகனது மலை என்று நான்கிலும் உருபு ஒன்றே. உறவு நான்கும் வேறு. நன்னூல் இதைக் கண்டு, பிரிக்க முடியாத தொடர்பைத் தற்கிழமை என்றும், பிரிக்கக்கூடிய தொடர்பைப் பிறிதின்கிழமை என்றும் பகுத்தது. தற்கிழமைக்குள்ளும் பண்பு, உறுப்பு, ஒன்றன் கூட்டம், பலவின் ஈட்டம், திரிபின் ஆக்கம் என்று ஐந்து பிரிவுகள் வைத்தது. நெல் பொரியாக மாறியது என்பது திரிபின் ஆக்கம். கை உடலில் இருப்பது உறுப்பு. இன்று தரவு மாதிரி அமைப்பவர்கள் 'பகுதி', 'பண்பு', 'உடைமை', 'மூலப்பொருள்' என்று தனித்தனிப் பெயர் வைத்துப் பிரிக்கும் வேலையும் இதுவே. என் கோட்டுருவின் முதல் வடிவத்தில் 'தொடர்புடையது' என்று ஒரு கோடு இருந்தது. எங்கே ஐயம் வந்ததோ அங்கெல்லாம் அதைப் போட்டுவைத்தேன். அது ஆறாம் வேற்றுமையை விரிக்காமல் விட்டதற்குச் சமம். இப்போது அந்தக் கோட்டை முழுவதுமாக நீக்கிவிட்டேன்.

நம்முடைய உறவுமுறைச் சொற்களும் இதே பாடத்தைச் சொல்கின்றன. தாயின் உடன்பிறந்தான் மாமன், தந்தையின் உடன்பிறந்தான் பெரியப்பா அல்லது சித்தப்பா. வழி, பால், வயது மூன்றும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அத்தையிடம் யாரைப் பற்றிக் கேட்டாலும் இரண்டு மூன்று கோடுகளை வாய்மொழியாக வரைந்துவிட்டு, கடைசியில் 'உனக்கு மாமன் முறை' என்று ஒரே சொல்லில் முடிப்பார். பாதையை முழுமையாகச் சொல்லி, பிறகு அதைச் சுருக்கி ஒரு பெயரிடுகிறார். இத்தகைய கோட்டுருக்களில் தேடப் பயன்படும் ஸ்பார்க்கிள் என்னும் வினவல்மொழியில் கோடுகளைத் தொடராகக் கோத்து எழுதும் வசதி 2013இல் வெளியான 1.1 பதிப்பில் வந்தது. 'தாய்' கோட்டையும் 'உடன்பிறந்தான்' கோட்டையும் கோத்து 'தாய்மாமன்' என்று விடை பெறுவதை நான் முதன்முறை செய்துபார்த்தபோது என் நினைவுக்கு வந்தவர் அத்தைதான்.

தவறான பெயர் எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்கு ஒரு சான்று. சூலியா தெருவில் உள்ள நாகூர் தர்காவை என் கோட்டுருவில் சேர்க்கும்போது, தமிழ்நாட்டு நாகூர் தர்காவுக்கு ஏற்கெனவே எழுதி வைத்திருந்த கூற்றுகளைப் பார்த்து அப்படியே நகலெடுத்தேன். சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பட்ட நாகூர் தர்காவுக்கும் அவ்வாறே செய்தேன். சில வாரங்கள் கழித்து, சூலியா தெருவில் கடை வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் என் கோட்டுருவை ஆர்வத்தோடு காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சாகுல் ஹமீது ஆண்டகையின் முனையைத் தொட்டார். 'அடக்கத்தலம்' என்று மூன்று கோடுகள் மூன்று ஊர்களுக்குச் சென்றன. அவர் கோபப்படவில்லை. "தம்பி, ஆண்டகை அடங்கியிருப்பது நாகூரில். இங்கேயும் சிங்கப்பூரிலும் இருப்பது அவர்கள் நினைவாக எழுப்பியது. அடக்கம் ஓரிடத்தில்தான் இருக்க முடியும்" என்று நிதானமாகச் சொல்லிவிட்டுத் தேநீர் வரவழைத்தார்.

எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது. ஒரு சமூகம் போற்றும் இடத்தைப் பற்றிப் பிழையாக எழுதி வைத்திருந்தேன். அன்றிரவே இரண்டு கோடுகளை 'நினைவாக எழுப்பப்பட்டது' என்று மாற்றினேன். மாற்றியவுடன் கோட்டுரு வேறொரு செய்தியைச் சொல்லத் தொடங்கியது. ஓர் அடக்கத்தலத்திலிருந்து கடல் கடந்து இரண்டு துறைமுகங்களுக்கு நினைவு சென்றிருக்கிறது. அந்த இரண்டும் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் கப்பலேறி வந்திறங்கிய ஊர்கள். முன்பு இருந்த பிழையான பெயர் இந்த வரலாற்றை மறைத்திருந்தது. அதோடு, ஓர் ஆளுக்கு அடக்கத்தலம் ஒன்றுக்கு மேல் இருந்தால் எச்சரிக்கை காட்டும்படி ஒரு விதியும் எழுதி வைத்தேன். விக்கித்தரவிலும் இத்தகைய கட்டுப்பாடுகள் உண்டு. பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் உள்ள உருப்படிகளைப் பிரித்துக்காட்ட 'இதனின்று வேறானது' என்னும் கோடும் அங்கே இருக்கிறது. நாகூர் தர்காக்கள் மூன்றுக்கும், பினாங்கு குயின் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலுக்கும் கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலுக்கும் அந்தக் கோட்டை இட்டிருக்கிறேன்.

காலத்தைக் குறிக்காத கோடு பொய் சொல்லும் என்பதை மலாயாப் பல்கலைக்கழகம் எனக்குக் கற்றுக்கொடுத்தது. 'மலாயாப் பல்கலைக்கழகம் – அமைவிடம் – கோலாலம்பூர்' என்னும் கூற்றை எவரும் ஐயப்படமாட்டார்கள். ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் 1949இல் தொடங்கியது சிங்கப்பூரில். கோலாலம்பூர்ப் பிரிவு 1959இல்தான் தன்னாட்சியோடு இயங்கத் தொடங்கியது. 1962இல் இரண்டு பிரிவுகளும் இரண்டு தனிப் பல்கலைக்கழகங்களாயின. ஆகவே 1952இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்த ஒருவரைப் பற்றி, 'பல்கலைக்கழகம் கோலாலம்பூரில் உள்ளது, ஆகவே அவர் கோலாலம்பூரில் படித்தவர்' என்று கோட்டுரு ஊகித்தால், இரண்டு மெய்க்கூற்றுகளைக் கோத்து ஒரு பொய்யை உண்டாக்கிவிடும். தனிநாயகம் அடிகள் 1961 முதல் 1969 வரை அங்கே இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை வகித்தார். அந்த ஆண்டுகளையும் கோட்டோடு சேர்த்து எழுதினால்தான், 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமைந்து, இரண்டே ஆண்டுகளில் முதல் மாநாடு யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ கூடாமல் கோலாலம்பூரில் கூடியது ஏன் என்பதற்கு விடை கிடைக்கிறது. ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்த அடிகள் அந்த ஆண்டுகளில் கோலாலம்பூரில் பணியாற்றினார் என்பது அந்த விடையின் பெரும்பகுதி. ஆண்டுகளை நீக்கிவிட்டால் எஞ்சுவது 'அடிகள் – கோலாலம்பூர்' என்னும் வெற்றுத் தொடர்புதான்.

விளக்கம் எப்போதும் ஒற்றைப் பாதையாக இருக்க வேண்டும் என்பதில்லை என்பதும் நான் தாமதமாகக் கற்றது. இரு உருப்படிகளுக்கு இடையே உள்ள பாதைகள் அனைத்தையும் படமாக வரைந்து காட்டும் ரெல்ஃபைண்டர் போன்ற கருவிகள் 2009 அளவிலேயே வந்துவிட்டன. அவற்றின் படம் அழகாக இருக்கும். ஆனால் நான்கைந்து முனைகளைத் தாண்டியதும் இடியாப்பம்போல் சிக்கிக்கொள்ளும், எந்த இழை எங்கே போகிறது என்று பார்ப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2011இல் வெளியான ரெக்ஸ் என்னும் ஆய்வு, பாதையைக் காட்டிலும் பல கோடுகள் சேர்ந்த வடிவத்தையே ஒரு விளக்கமாக எடுத்துக்கொண்டு, அத்தகைய வடிவம் எவ்வளவு அரிது என்பதைக் கொண்டு அதன் சுவையை மதிப்பிட்டது. தைப்பூசத்தின்போது கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளித்தேர் புறப்பட்டுப் பத்துமலைக்குப் போவது ஏன் என்று யாராவது கேட்டால், தேர் இங்கே தொடங்கி அங்கே முடிகிறது என்னும் ஒரு கோடு விடையாகாது. தேவஸ்தானம் ஒன்றே இரண்டு கோயில்களையும் நிர்வகிக்கிறது. தம்புசாமிப் பிள்ளையின் பெயர் இரண்டின் தொடக்கத்தோடும் இணைந்திருக்கிறது. 1892 முதல் பத்துமலையில் தைப்பூசம் நடந்துவருகிறது. இந்த மூன்றும் ஒன்றாக நிற்கும்போது, தேர் ஒரே வீட்டின் முன்கட்டிலிருந்து பின்கட்டுக்குப் போவதுபோல் புரிந்துவிடுகிறது. முக்கோணமாக நிற்கும் அந்த வடிவமே விளக்கம்.

பினாங்கில் அதே வடிவத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இங்கே தண்ணீர்மலைக்கு இரண்டு தேர்கள் செல்கின்றன. நாட்டுக்கோட்டை நகரத்தார் கோயிலுக்கு வெள்ளித்தேர் பினாங்கு தெருவில் உள்ள கோவில் வீட்டிலிருந்து புறப்படுகிறது; மலைமேல் உள்ள பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 2017 முதல் தங்கத்தேர் குயின் தெரு மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படுகிறது. கோலாலம்பூரில் சரியாக வேலை செய்த வினவலை அப்படியே இங்கே ஓட்டினேன். 'தைப்பூசத் தேர்' என்று ஒரே முனை வைத்திருந்ததால் இரண்டு தேர்களும் ஒன்றாகிவிட்டன. நகரத்தாரின் வெள்ளித்தேர் மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படுவதாக விடை வந்தது. தேரை இரண்டு முனைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் புறப்படும் இடம், சேரும் இடம், தொடங்கிய காலம் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதிய பிறகுதான் அது சரியானது. ஓரூரில் கற்ற வடிவத்தை மற்றோர் ஊருக்குத் தூக்கிச் செல்லும் முன், அங்குள்ள முனைகள் போதுமான அளவு பிரிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இறுதியில் இவை எல்லாம் படிப்பவர் கையில் ஒரு வாக்கியமாகச் சேர வேண்டும். என் நிரல் முதலில் 'ஜார்ஜ் டவுன் நிறுவியவர் பிரான்சிஸ் லைட் மகன் வில்லியம் லைட் இடம் தேர்ந்தவர் அடிலெய்டு' என்று கோடுகளை வரிசையாகக் கொட்டியது. தமிழில் இது வாக்கியமே ஆகாது. வேற்றுமை உருபும் வினையெச்சமும் சேர்ந்தால்தான் யாரால் எது நடந்தது என்பது விளங்கும். ஆகவே ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு வாய்பாடுகள் எழுதினேன், எந்தத் திசையிலிருந்து படிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒன்று அமையும். 'நிறுவியவர்' என்பதை எதிர்த்திசையில் படித்தால் 'அவரால் நிறுவப்பட்டது' என்று வரவேண்டும். 'மகன்' என்பதை எதிர்த்திசையில் படித்தால் 'தந்தை' என்றோ 'தாய்' என்றோ வரவேண்டும், அது முனையைப் பார்த்தே தெரியும். இந்த வாய்பாடுகளை எழுதி முடிக்க எனக்கு ஒரு முழு மாதம் பிடித்தது. நிரலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான்.

இந்தத் திருத்தங்கள் எல்லாம் முடிவதற்கு வெகு முன்பே, அண்ணன் மகள் ஊருக்குத் திரும்புவதற்கு முந்திய இரவு, அதுவரை திருத்தியிருந்த நிரலில் ஜார்ஜ் டவுனையும் அடிலெய்டையும் கொடுத்துப் பார்த்தோம். இம்முறை 1786இலிருந்து 1836 வரை நீளும் மூன்று கோடுகளின் கதை முதலில் வந்தது. 1973இன் சகோதர நகர உடன்படிக்கை அதற்குக் கீழே, அதன் விளைவுபோல் அமைந்தது. அவள் இரண்டையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, வில்லியம் லைட்டின் முனையைச் சொடுக்கிப் பார்த்தாள். தந்தைக்கு ஒரு கோடு சென்றது. "அம்மா யார் சித்தப்பா?" என்று கேட்டாள்.

அவர் பெயர் மார்த்தினா ரோசெல்ஸ். என் கோட்டுருவில் அவருக்கு முனையே இல்லை. அன்றிரவே சேர்க்க உட்கார்ந்தேன். பிரான்சிஸ் லைட்டிலிருந்து அவருக்கு 'மனைவி' என்று கோடு இழுப்பதா, 'உடன் வாழ்ந்தவர்' என்று இழுப்பதா என்று தயங்கினேன். அவர்களுக்கு முறைப்படி திருமணம் நடந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்தக் கோட்டுக்கு இரு தரப்பின் சான்றுகளையும் படித்துவிட்டுப் பெயரிடலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன். இப்போதைக்கு வில்லியம் லைட்டிலிருந்து 'தாய்' என்னும் ஒரு கோடு மட்டும் அவரிடம் வந்து சேர்கிறது.